நல்ல மரணத்துக்கு நாம் செய்யும் உதவி

(யூபிலி விழாவின் நோயாளர் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியை முன்னிட்டுக் கோயிலுக்கு வர்ணம் பூசினோம்; கொடியேற்றினோம்; சப்பரம் எடுத்தோம். இந்தக் கோயிலுக்கு இனி நடந்து வர இயலாமல் வீட்டுக் கட்டிலில் கிடப்பவர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நம் கடற்கரையில் ஒருவர் இறந்துவிட்டால் குறை சொல்ல இடமில்லை. துக்கமணி அடித்ததும் தெருவே கூடிவிடுகிறது. செபமாலை சொல்கிறோம், அடக்கப் பூசைக்குத் திரளாக வருகிறோம், நவம்பர் 2ஆம் தேதி கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆனால் அதே மனிதர் சாவதற்கு முன் படுத்திருந்த மாதங்களில் அவரருகே எத்தனை பேர் அமர்ந்தோம்?

நடு இரவில் கதவைத் தட்டுகிறார்கள். "சாமி, அப்பாவுக்கு நினைவு தப்பிட்டு, வந்து அவஸ்தை கொடுங்க." மூன்று மாதமாகப் படுக்கை என்பார்கள். முன்னமே ஏன் சொல்லவில்லை என்றால், "சாமியைக் கண்டா அப்பா பயந்துருவாக" என்று பதில் வரும். அப்பாவுக்குத் தம் நிலை தெரியும். பிள்ளைகள் மறைக்கிறார்களே என்று அவரும் வாய் திறப்பதில்லை. மன்னிப்புக் கேட்க, கடனைச் சொல்ல, பிணக்குத் தீர்க்க இருந்த நாட்கள் வீணாகின்றன.

"அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயரே இந்த அச்சத்தை வளர்த்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், "நோயில் பூசுதல்" என்பதே பொருத்தமான பெயர் என்றது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கு முறையையும் புதுப்பித்தார். கடும் நோயுற்றவர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர், முதுமையில் தளர்ந்தவர் யாவரும் இதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். சாகிறவருக்குரிய கடைசி அருட்சாதனம் வழியுணவாகிய நற்கருணை. அதை உட்கொள்ள நினைவு வேண்டுமல்லவா?

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியைத் தாங்கிக்கொண்டே சாகவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உயிரைப் போக்கும் நோக்கமின்றி, வலியைத் தணிக்கவே மருந்து கொடுக்கலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களுக்குக் கூறினார். பயன் தராத, தாங்கவொண்ணாச் சுமையான சிகிச்சைகளைத் தொடரக் கடமை இல்லை என்றும் அதே ஆண்டில் தெளிவாக்கினார். ஆகவே கடன் வாங்கி, கடைசி மூச்சுவரை இயந்திரத்தில் கட்டிப்போடாததால் பெற்றவரைக் கைவிட்டோம் என்று யாரும் மனம் நோக வேண்டாம்.

ஆனால் சாவை அவசரப்படுத்துவது வேறு. நம் தென் மாவட்டங்களில் சில இடங்களில், படுத்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் "தலைக்கூத்தல்" வழக்கம் பற்றி 2010இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டை உலுக்கின. அது கொலை. அதைக் கண்டிக்கிற நாம், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டின் களைப்பையும் அறியவேண்டும். ஒரு மருமகள் மட்டும் இரவும் பகலும் விழித்திருக்க முடியுமா?

தமிழ் அச்சின் தந்தை என்று நாம் போற்றும் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் நோயாளருக்கு மருத்துவமனையும் அமைத்தார். செபப் புத்தகமும் நோயாளியின் கட்டிலும் அவருக்கு ஒரே ஊழியமாக இருந்தன. நம் கரையில் 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தைக் கண்ட பெரியவர்கள் சொல்வார்கள்: குளிகாரர் கடலில் இறங்கியது, தோணியில் கயிறு பிடித்தவரை நம்பித்தான். நோயாளியும் அப்படியே நம்மை நம்பிக் கிடக்கிறார்.

எனவே யூபிலியின் நினைவாக மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, நோய் கடுமை என்று மருத்துவர் சொன்ன அன்றே குருவிடம் தெரிவியுங்கள். இரண்டாவது, நோயாளி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு தெருவிலும் நாலைந்து பேர் முறைவைத்து, நோயாளி வீட்டில் ஓர் இரவு விழித்திருந்து, வீட்டாரைத் தூங்கவிடுங்கள். சாவு வீட்டுக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் முன்னமே வந்தால் போதும்.

இயேசுவும் மாதாவும் அருகிருக்க மரித்த புனித சூசையப்பர், நமக்கும் நம் வீட்டாருக்கும் நன்மரணத்தைப் பெற்றுத் தருவாராக. ஆமென்.