மானியின் பொய்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். கலவை செம்மையானதா என்பதைப் பிளக்கின் கரிநிறமே உணர்த்திற்று.

இன்று டேர்போ பூட்டிய வாகனத்தில் அப்பணியை ஒரு மானி செய்கிறது. நிறையில் பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்பது சமநிலை. ஆயின் மானி எரிபொருளை அளப்பதில்லை. கழிபுகையில் எஞ்சிய ஒட்சிசனைக் கொண்டே கணிக்கிறது. உணரிக்கு முன்னே புகைக்குழாய் வெடித்திருந்தால், மெல்ல ஓடும்போது வெளிக்காற்று உட்புகும். பிளக் தீமூட்டத் தவறினும் ஒட்சிசன் எஞ்சும். இரண்டிலும் எரிபொருள் குறைவென்றே மானி பொய்யுரைக்கும்.

இதனிலும் கொடிது ஒன்றுண்டு. உணரியை டேர்போவுக்கு முன்னே பொருத்தினால், அங்குள்ள அழுத்தத்தால், செறிந்த கலவை மேலும் செறிந்ததாகத் தோன்றும். அதை நம்பி எரிபொருளைக் குறைத்தால் பிஸ்ரன் உருகவுங்கூடும். டேர்போவுக்குப் பின்னே பொருத்துவதே முறை.

விடைத்தாளிற் புள்ளி குறைந்தால், மாணவனைக் கடியுமுன் கூட்டலைச் சரிபார்ப்பது எம் வழக்கம். இங்கும் அஃதே. முதலில் எர்த் கம்பியின் இணைப்பை இறுக்குக. பின் உணரியைக் கழற்றித் திறந்த காற்றிற் சோதிக்க. மானி எரிபொருள் குறைவென்கையில் பிளக் கரியேறிக் கறுத்திருந்தால், பிளக்கையே நம்புங்கள்.