மூலமும் போலியும்



பாட்டும் பாடபேதமும் பேசப்படுகிற அவையில் அமெரிக்கக் கார்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்கேனும் தோன்றலாம். ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மெய்தானா என்று ஆராயும் கலை ஏட்டுச் சுவடிகளோடு நின்றுவிடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தும் அதைச் செய்கிறார்கள். அவர்களுடைய முறைக்கும் பதிப்பாசிரியர் முறைக்கும் உள்ள உறவைக் கேட்போர் தாமே கண்டுகொள்வர்.

1960களில் அமெரிக்காவில் ஒரு புதுவகைக் கார் பரவியது. நடுத்தர அளவும் எட்டக்கூடிய விலையும் உள்ள காரில், பெரிய காருக்கென்று செய்த எஞ்சினை வைத்தார்கள். இளைஞர் கூட்டம் மொய்த்தது. 'மசில் கார்' என்ற பெயர் நிலைத்தது. இவ்வினத்தின் தொடக்கமாகப் பெரும்பாலோர் காட்டுவது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பாண்டியாக் பிரிவு 1964ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட ஜி.டி.ஓ.

நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது அந்நாளில் நிறுவனம் வகுத்த விதி. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய துணைவர்களும் அவ்விதியோடு மோதவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். புதிய கார் என்று அறிவித்தால்தானே மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும்? லெமான்ஸ் என்ற காரை வாங்குவோர் விரும்பினால் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் 'ஆப்ஷன்' தொகுப்பாக, ஏறத்தாழ 296 டாலர் விலையில், 389 கன அங்குல எஞ்சினைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சூத்திரத்தை மாற்றாமல் புறனடையில் இடம் தேடிக்கொண்ட உத்தி என்று இலக்கணம் கற்றவர்கள் சொல்லக்கூடும். அவ்வாண்டில் மட்டும் 32,450 கார்கள் இத்தொகுப்போடு விற்றன.

பெயரும் இரவல் பெயரே. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962இல் வெளியிட்ட பந்தயக் காரின் பெயரிலிருந்து எடுத்தது. அதன் இறுதியில் நிற்கும் 'ஓ' என்ற எழுத்து குறிக்கும் இத்தாலியச் சொல்லுக்கு, பந்தயத்துக்கு உரியதென முறைப்படி ஏற்கப்பட்டது என்பது பொருள். 'சான்று பெற்றது' என்னும் பொருளுள்ள பெயரை, அத்தகைய சான்று எதுவும் இல்லாத கார் சூடிக்கொண்டது.

இப்பிறப்புக் கதையிலேயே இன்றைய சிக்கலின் வேர் இருக்கிறது. நம் நாட்டு ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண் என்று எழுதப்படுகிறதே, அதற்கு இணையான வாகன அடையாள எண் அங்கும் உண்டு. 1964, 1965 ஆகிய ஈராண்டுகளில் அவ்வெண் லெமான்ஸ் என்பதோடு நின்றுவிடுகிறது, ஜி.டி.ஓ. என்ற செய்தி அதில் இல்லை. 1966இல் ஜி.டி.ஓ. தனி மாடலாயிற்று. அவ்வாண்டுக் காரின் எண் 242 என்று தொடங்கினால் ஜி.டி.ஓ., 237 என்று தொடங்கினால் லெமான்ஸ், பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் 1969இல் ஜி.டி.ஓ.வுக்கு உள்ளேயே 'தி ஜட்ஜ்' என்றொரு தொகுப்பு வந்தபோது எண் மீண்டும் மௌனமாகிவிட்டது. அவ்வாண்டின் ஜட்ஜ் கார்கள் 6,833. அவற்றுள் கூரையை மடக்கக்கூடியவை 108 மட்டுமே. 'நீதிபதி' என்று பெயர் பூண்ட காருக்கே வழக்கும் விசாரணையும் வேண்டியிருக்கிறது.

எண் மௌனமாக இருக்கும் இடத்தில் பொய் குடியேறுகிறது. பழைய லெமான்ஸ் ஒன்றை மலிவாக வாங்கி, அதே ஆண்டின் 389 எஞ்சினைத் தேடிப் பொருத்தி, முகப்பையும் பெயர்த் தகடுகளையும் மாற்றிவிட்டால் 'குளோன்' உருவாகிவிடும். எஞ்சின் அதே ஆலையில் வார்த்தது. தகடும் அதே அச்சில் செய்தது. ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. 1964இல் ஆலைத் தொழிலாளர் பொருத்தியதையே முப்பது ஆண்டு கழித்து ஒரு மெக்கானிக் பொருத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அங்ஙனமாயின் அசல் என்பது எது? இரும்பில் அதைத் தேடிப் பயனில்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே அசல். நடந்து முடிந்ததை நேரில் காண முடியாது. அது விட்டுச் சென்ற தடயங்களைத்தான் காணலாம்.

பாண்டியாக் கார்களுக்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. 1961 முதல் 1986 வரையிலான கார்களுக்கு ஆலை எழுதிய விற்பனைச் சிட்டைகள் மைக்ரோஃபிலிமில் காக்கப்பட்டுள்ளன. மிச்சிகனில் உள்ள ஓர் ஆவண நிலையம், அடையாள எண்ணும் கட்டணமும் பெற்றுக்கொண்டு படியெடுத்து அனுப்புகிறது. இன்ன கார், இன்ன விற்பனையாளருக்கு, இன்னின்ன ஆப்ஷன்களோடு போயிற்று என்பது அதில் இருக்கும். விற்பவர் நீட்டும் படியை மட்டும் நம்பாமல், வாங்குபவர் தாமே எழுதிப் பெறவேண்டும் என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. ஃபோர்டு கார்களுக்கும் 1967இலிருந்து இத்தகைய வசதி உண்டு.

அதே ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு பிரிவான செவ்ரோலேயின் நிலை வேறு. 1970ஆம் ஆண்டின் ஷெவல் எஸ்.எஸ்., அதிலும் 454 கன அங்குலமும் 450 குதிரைத் திறனும் கொண்ட எல்.எஸ்.6 எஞ்சினோடு வந்தது, இவ்வினத்தாரின் பெருங்கனவு. அவ்வாண்டில் எஸ்.எஸ். என்பது மாலிபு என்ற சாதாரண ஷெவலின் மேல் ஏற்றிய ஆப்ஷன்தான். அடையாள எண் பேசாது. கனடாவில் விற்றவற்றுக்கு அங்குள்ள நிறுவனத்திடம் பதிவு உண்டு. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு அத்தகைய தனித்தனிப் பதிவு எஞ்சவில்லை. ஆகவே காரையே கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் சாட்சி ஒரு தாள். எந்தக் காருக்கு என்ன பொருத்துவது என்று தொழிலாளருக்குச் சொல்ல ஆலையில் அச்சடித்த விவரத் தாள், வேலை முடிந்ததும் குப்பை. அதை அவர்கள் பெட்ரோல் டாங்கியின் மேலோ, இருக்கைச் சுருள்களுக்கு இடையிலோ, தரைவிரிப்பின் அடியிலோ செருகிவிட்டுப் போனார்கள். பல பத்தாண்டு கழித்து டாங்கியைக் கழற்றும்போது, எலி கடித்தும் துரு தின்றும் எஞ்சிய அத்தாள் கிடைத்தால் அது பெரும்புதையல். யாரையும் நம்பவைக்க எழுதப்படாத எழுத்து என்பதே அதன் பெருமதிப்பு. வேறொரு காரின் தாள் இடம் மாறிக் கிடப்பதும் உண்டு. அதிலுள்ள எண் காரின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்தபின்பே மகிழ வேண்டும்.

இரண்டாம் சாட்சி எஞ்சின். வலப்புற சிலிண்டர் தலைக்கு முன்னால், எஞ்சினின் வார்ப்புடலில் சிறியதொரு சமதளம் உண்டு. எஞ்சின் உருவான ஆலை, நாள், வகை ஆகியவற்றின் குறிகள் அதில் குத்தப்பட்டிருக்கும். எல்.எஸ்.6 எஞ்சினோடு கையால் மாற்றும் கியர் இருந்தால் சி.ஆர்.வி. என்ற மூன்றெழுத்து. 1968 முதல் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் எஞ்சினில் பதிந்திருக்கும். இவ்வெழுத்துகளைப் படித்தாலே போதும் என்று புதியவர் நினைப்பார். பழகியவரின் கண்ணோ எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் நிற்கும். அத்தளத்தை ஆலை இயந்திரம் செதுக்கியபோது, சீப்பால் வாரியது போன்ற நுண்ணிய இணைகோடுகள் விழுந்தன. பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணைக் குத்துபவன் இக்கோடுகளையும் அழித்துவிடுகிறான். எழுத்து சரியாக இருந்து கோடுகள் இல்லாவிட்டால் ஐயம் தொடங்குகிறது. ஐயம்தான், தீர்ப்பன்று. நேர்மையான மெக்கானிக் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது அத்தளத்தைச் சீவிவிட்டிருக்கவும் கூடும்.

வார்ப்பில் நாளும் பதிந்திருக்கும். மாதத்துக்கு ஓரெழுத்து, பின்னர் தேதி, ஆண்டின் கடைசி இலக்கம். மார்ச்சில் கட்டிய காரில் மே மாதத்தில் வார்த்த எஞ்சின் இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. பழம்புலவர் பெயரால் வழங்கும் பாட்டில் பிற்காலச் சொல் ஒன்று புகுந்து காட்டிக்கொடுப்பது இதுபோன்றதே. அடையாளத் தகடு எண்ணை மட்டுமின்றி, அதைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் பார்ப்பார்கள். 1960களின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்தியவை ஆறிதழ்ப் பூவைப்போல் தலை அமைந்தவை. கடையில் வாங்கும் உருண்டைத் தலை ஆணி அவ்விடத்தில் இருந்தால் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

பொய் சொல்பவன் பெரியவற்றை மறப்பதில்லை, சிறியவற்றையே மறக்கிறான். பெரிய எஞ்சின் உள்ள ஷெவலுக்கு எரிபொருள் குழாய் 3/8 அங்குலம். சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 5/16. தடித்த குழாய் இருப்பதால் எஸ்.எஸ். என்று உறுதியாகாது, மெல்லிய குழாய் இருந்தால் கேள்வி எழும். பெயர்த் தகடு பொருத்திய துளைகளை உட்புறத்திலிருந்து பார்த்தால், ஆலையில் அச்சுவைத்துப் போட்டவை எவை, கை டிரில்லால் போட்டவை எவை, முன்பிருந்த பெயரின் துளைகளில் அடைக்கப்பட்டவை எவை என்று தெரிந்துவிடும். வெளியே வண்ணம் மறைத்ததை உட்புறம் மறைப்பதில்லை.

இத்துறையின் துயரம் போலி செய்பவனால் மட்டும் வருவதன்று. காரின்மேல் உண்மையான அன்பு வைத்தவரும் அதை அழிக்கிறார். துருவைச் சுரண்டி, மணல் வீசிச் சுத்தம் செய்து, வார்ப்பைத் தேய்த்து மெருகேற்றி, கிழிந்த தாளைக் குப்பையில் போட்டு, ஆலையிலிருந்து வந்ததைவிட அழகாக்கி நிறுத்துகிறார். ஆலையில் சாக்கட்டியால் எழுதிய குறியும், வண்ணம் வழிந்து உறைந்த துளியும் அதோடு போயின. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் பொருள் விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாகத் 'திருத்தி'விட்ட இடங்களில் பதிப்பாசிரியர் படும் வேதனை இவ்வவையோர் அறியாததன்று. அசலான காரே தன் அசல் தன்மையை மெய்ப்பிக்க முடியாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. அழுக்கோடு விட்டிருந்தால் அது பேசியிருக்கும்.

ஆவணங்களிலும் போலி உண்டு. பழைய தகடுகளையும் விவரத் தாள்களையும் புதிதாகச் செய்துதரும் தொழில் அங்கு வெளிப்படையாகவே நடக்கிறது. அழிந்துபோன தன் காரின் தகட்டைத் திரும்பப் பெற விரும்புபவருக்கு அது உதவி. ஏமாற்ற நினைப்பவனுக்கு ஆயுதம். எனவே எந்த ஒற்றைச் சாட்சியும் போதுமானதன்று. ஒன்றையொன்று அறியாத பல சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

கிரைஸ்லர் கார்களில் அடையாள எண்ணே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் இடத்தில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் 426 ஹெமி எஞ்சின். அவ்வெழுத்தோடு 1971இல் வந்த பிளைமவுத் குடா, கூரை மடக்கும் வகை, 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்குப் போயிற்று. ஓர் எழுத்துக்கு இவ்வளவு விலையா என்று கவிஞர்கள் பெருமூச்சு விடலாம். அவ்வெழுத்தை மாற்றத் துணிபவனுக்கு 1984இன் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை காத்திருக்கிறது. ஷெவலிலோ 1964இன் ஜி.டி.ஓ.விலோ பொய் சொல்ல எண்ணைத் தொடவே வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே ஆபத்து மிகுதி. கோடீசுவரர்கள் ஏமாந்தால் வழக்கறிஞர் வைத்துக்கொள்வார்கள். இளமையில் வாங்க முடியாத காரை ஓய்வுக் காலச் சேமிப்பில் வாங்கும் எளிய மனிதருக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

'போலி' என்ற சொல்லையும் சற்றே நிதானமாக ஆளவேண்டும். தமிழ் இலக்கணத்தில் போலி குற்றமன்று. அறம் என்பது அறன் என நின்றாலும் பொருள் கெடுவதில்லை. மாற்றம் எல்லாருக்கும் தெரிந்தே நிகழ்கிறது. குளோன் காரும் அவ்வாறே. 'இது லெமான்ஸ், ஜி.டி.ஓ. போலச் செய்யப்பட்டது' என்று அட்டையில் எழுதிக் கண்காட்சியில் நிறுத்துவோர் பலர் உள்ளனர். அவர்களுடைய உழைப்பு பாராட்டத்தக்கது. அசலை வீட்டுக்குள் பூட்டிவைக்க, குளோனை மழையிலும் ஓட்டலாம். அதே கார் இரண்டு மூன்று கைமாறும்போது அந்த அட்டை எங்கோ தொலைந்துபோகிறது. யார் தொலைத்தார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. செய்யப்பட்டவற்றைவிட இன்று ஓடுபவை அதிகம் என்று அவ்வட்டாரத்தில் சில மாடல்களைப் பற்றிக் கேலி பேசுவதுண்டு.

ஜி.டி.ஓ.வின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடலாம். 1972இல் அது மீண்டும் லெமான்ஸின் ஆப்ஷனாகச் சுருங்கியது. 1974இல் வெஞ்சுரா என்ற சிறிய காரின்மேல் ஏறி, அத்தோடு மறைந்தது. 2004இல் நிறுவனம் அப்பெயரை மீட்டு, ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் பிரிவு கட்டிய மொனாரோ என்ற காருக்குச் சூட்டி அமெரிக்காவில் விற்றது. 2006இல் அதுவும் நின்றது. 1964ஆம் ஆண்டுக் காரின் ஆணி ஒன்றுகூட அதில் இல்லை. ஆவணப்படி, அடையாள எண்ணின்படி, பெயரிடும் உரிமையுள்ளவரின் வாக்குப்படி அது அசல் ஜி.டி.ஓ.வே. பழைய அன்பர்கள் பலர் அன்று அதை ஏற்க மறுத்தார்கள். அதே அன்பர்கள், நன்றாகச் செய்த லெமான்ஸ் குளோன் ஒன்று சாலையில் கடந்துபோனால் நின்று பார்த்துக் கையசைக்கிறார்கள்.