பயிரைத் தின்ற முயலும் அதைக் காத்த சட்டமும்



வயலில் உழைப்பவன் ஒருவன். அவ்வயலை மேயும் முயலைக் கொல்லும் உரிமை உடையவன் வேறொருவன். இது கட்டுக்கதையன்று. நீதிக்குப் பெயர்போன இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலவிய வழக்கம்.

1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் கூறியது யாது? ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலம் உடையவரும், அவரையொத்த உயர்குடியினருமே வேட்டையாடலாம் என்றது. மற்றையோர் வீடுகளைச் சோதனையிட்டுத் துப்பாக்கி, நாய், வலை ஆகியவற்றைப் பறிக்கும் அதிகாரத்தை வேட்டைக் காவலருக்கு அளித்தது. அந்நாளில் கிராமப்புறத் தொகுதியில் வாக்களிக்க 40 சிலிங், அதாவது 2 பவுண், வருமானமுள்ள நிலம் போதும். பாராளுமன்றப் பிரதிநிதியைத் தெரிவு செய்வதற்கு வேண்டியதிலும் ஐம்பது மடங்கு சொத்து, ஒரு கவுதாரியைக் கொல்வதற்கு வேண்டியிருந்தது! இதனைச் சுட்டிக்காட்டியவர் சட்டமேதை பிளாக்ஸ்டன்.

சட்டம் இயற்றியோர் நிலப்பிரபுக்கள். கிராமங்களில் நீதவான்களாக அமர்ந்து தண்டித்தோரும் அவர்களே. 1723இல் வந்த 'கறுப்புச் சட்டம்' இன்னும் கொடியது. முகத்திற் கரி பூசி, ஆயுதந் தாங்கி, முயல் வளர்க்கும் இடத்தில் நடமாடினாலே மரண தண்டனை!

1831இல் சொத்துத் தகுதி ஒழிந்தது. குத்தகை உழவனுக்கு விடிவு பிறந்ததா? இல்லை. வேட்டை உரிமை பிரபுவுக்கே உரியது என்ற ஒரு வரி குத்தகை உறுதியில் ஏறியது. கையொப்பமிட மறுத்தால் நிலம் இல்லை. சட்டம் கொடுத்ததை உறுதி பறித்தது.

1872இல் இரகசிய வாக்குமுறை வந்தது. உழவனின் வாக்கு எவருக்கு என்பதைப் பிரபு இனி அறிய இயலாது. எட்டாண்டுகளின் பின், 1880இல், கிளாட்ஸ்டன் அரசாங்கம் புதிய சட்டம் கொணர்ந்தது. தான் பயிரிடும் நிலத்தில் முயலைக் கொல்லும் உரிமை உழவனுக்குக் கிடைத்தது. அவ்வுரிமையைப் பறிக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றும் அச்சட்டம் விதித்தது. அதன் உயிர்நாடி இவ்விதியே.

அன்பர்களே! உரிமையை ஏட்டில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. எளியவனின் வறுமையைக் காட்டி அதனைத் திருப்பி எழுதி வாங்க முடியாதவாறும் காக்க வேண்டும். ஆகவே, எந்தச் சட்டத்தைக் கண்டாலும் சட்டத்தரணியும் கமக்காரனும் ஒருங்கே கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: இதனை இயற்றியவர் யார்? இதன் காவலில் மேய்வது எவருடைய முயல்?