தலைகீழாகத் தெரியும் மலை

மூணாறு பக்கமோ சித்தூர் பக்கமோ, பெட்டி கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி யாராவது நின்றால், ஏதோ சர்வே ஆள் என்று நகர்ந்துவிடாதீர்கள். பேச்சுக் கொடுங்கள். பின்பக்கக் கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்குவதைக் காட்டச் சொல்லுங்கள்.

லின்னேயஸ் டிரைப் பார்த்ததும் இப்படித்தான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மாட்டுவண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போனார். ஃபிலிம் ஏது அப்போது? மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். அது எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவுதான். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! நம் வீட்டுக் கூடத்துச் சுவர் போதாது.