முள் எங்கே ஏறுகிறது?



கத்திரி வெயில் நாளில் திருச்சி காவிரிப் பாலத்தின் வழியாகப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வாழைத்தார் ஏற்றிய பிக்கப் வண்டி ஓரமாக நிற்கும். முன்பக்கம் ஆவி பறக்கும். காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் தண்ணீர் தேடி அலைவார். பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளின் ஹாரன் அவரை நிம்மதியாக யோசிக்க விடாது.

என் மச்சானும் அப்படி நின்றவர்தான். தொட்டியத்திலிருந்து பூவன் தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறார். ஒரு கோடையில் ரேடியேட்டர் ஒழுகியது. ஒரு பட்டறையில் கொடுத்துப் புதிது மாற்றினார். அதன் பிறகுதான் வண்டி சூடாக ஆரம்பித்தது. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். மற்றொருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்து, “இது இல்லாம ஓட்டுங்க, ஹீட்டே ஆகாது” என்றார். பணம் போனது, சூடு போகவில்லை.

கடைசியில் பால்பண்ணைப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை.

“தம்பி, முள்ளு எங்க ஏறுது?”

“எல்லா இடத்துலயும்தான்ணே.”

“அப்படிச் சொல்லாத. தொட்டியத்துல கெளம்புனதுலேருந்து வரிசையாச் சொல்லு.”

மச்சான் யோசித்துச் சொன்னார். முசிறி, குணசீலம் வரை ஒரே சீராக ஓட்டி வரும்போது சூடு காட்டும் முள் பாதியில் அசையாமல் நிற்கும். நம்பர் 1 டோல்கேட்டில் ஊர ஆரம்பித்ததும் மெல்ல ஏறும். கொள்ளிடப் பாலம் தாண்டித் திருவானைக்காவல் நெரிசலில் இன்னும் ஏறும். காந்தி மார்க்கெட்டில் லோடு இறக்க இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும்போது சிவப்பைத் தொடும். திரும்பும்போது சாலை காலியாக இருந்தால் தானாக இறங்கிவிடும்.

“அப்ப தண்ணியில குத்தமில்ல, காத்துலதான் குத்தம்” என்றார் பெரியவர். திறந்து பார்த்தால், ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேர்த்து மாட்டும் பிளாஸ்டிக் கூடு இல்லை. ரேடியேட்டர் மாற்றியபோது கழற்றியதைத் திரும்ப மாட்டவில்லை. கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பு வழியாகவும் காற்றை இழுக்கும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், அதனால் குறை தெரியாது. நின்றால் ஃபேன் மட்டும்தான் துணை. காயலான் கடையில் பழைய கூடு ஒன்று கிடைத்தது. அதோடு தீர்ந்தது.

அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். இன்ஜின் சூடாகிறது என்று சொன்னால் போதாது. எங்கே, எந்த ஓட்டத்தில் சூடாகிறது என்று சொல்ல வேண்டும். பாதி நோயை அந்தப் பதிலே காட்டிவிடும்.

நெரிசலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் காற்றுப் பக்கம் பாருங்கள்: ஃபேன், அதன் பெல்ட், மின்விசிறியாக இருந்தால் ரிலேயும் ஃபியூஸும். அதற்கு நேர்மாறாக, நின்றால் சும்மா இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலோ துறையூரிலிருந்து பச்சைமலை ஏறும்போதோ ஏறினால், பெரும்பாலும் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், நைந்துபோன கீழ் ஹோஸ் இன்ஜின் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகலாம். கிளம்பிய சில நிமிடத்திலேயே முள் உச்சிக்குப் போய், ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே கிடந்தால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை.

அந்த வால்வைச் சந்தேகப்பட்டால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் 80 டிகிரியைத் தாண்டியதும் அது திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், வெறுமனே விடாதீர்கள். வால்வு இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும், டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், தேயும். சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் குறுக்குவழியையும் அடைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவந்து, சூடு இன்னும் கூடும்.

எங்கும் ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது பெரிய விஷயம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இழுத்துக்கொண்டு போங்கள்.

இனி தண்ணீர். ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீர் கைக்கெட்டும் ஊர் என்பதாலோ என்னவோ, வண்டி சூடானால் கிடைத்ததை ஊற்றிவிட்டுப் புறப்படும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. போர் தண்ணீர் கொதிக்கும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஊற்றுங்கள்; வீடு திரும்பியதும் கசிவு எங்கே என்று பார்த்து, சரியான கலவையில் கூலண்ட் நிரப்புங்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் நனையாமல், முள் இறங்கியதுபோலப் பொய் சொல்வதும் உண்டு. அதை நம்பி ஓட்டி இன்ஜினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதை லோடு வண்டி ஓட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தாலும் அடிக்கும். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள்.