மழைக்கு முன் ஒரு பட்டியல்

(வாசுதேவநல்லூரில் இளைஞர்கள், வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியில் அரசு மருத்துவமனைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நாம் கடைத்தெருவில் துண்டேந்தி வசூலித்து, அரிசியும் போர்வையும் லாரியில் அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அங்கே ஒரு பெரியவர் நம் பிள்ளைகளிடம் அரிசி கேட்கவில்லை. "தம்பி, இன்சுலின் இருக்கா?" என்றுதான் கேட்டார். நம் லாரியில் அது இல்லை.

பசியை ஒருநாள் தாங்கலாம். வாரம் 2, 3 முறை டயாலிசிஸ் செய்பவர் எத்தனை நாள் தாங்குவார்? கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷினை நம்பிப் படுத்திருப்பவர்?

2015 டிசம்பரில் சென்னை மணப்பாக்கம் மியாட் மருத்துவமனையில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் நின்றது. அங்கு சிகிச்சையிலிருந்த 18 நோயாளிகள் இறந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே அபாய நிலையில் இருந்தவர்கள் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. அந்த விவாதத்திற்குள் நான் போகவில்லை. நம் பள்ளிவாசல் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? ஹவுளுக்குப் பக்கத்தில், தரையில்! மேற்கே மலை, ஒரு ராத்திரி காட்டாறு ஊருக்குள் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான்.

அல்லாஹ் காப்பான் என்கிறீர்கள். காப்பான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அடித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நம் மத்ரஸா மாடியில் நாலு கட்டில் போட முடியாதா?

இளைஞர்களே! வீடு வீடாகப் போங்கள். டயாலிசிஸ், ஆக்சிஜன், இன்சுலின், நிறைமாதக் கர்ப்பிணி என்று எழுதுங்கள். எந்த மருந்து, எத்தனை நாளைக்குக் கையிருப்பு, தூக்கிவர ஆள் உண்டா என்பதையும் குறியுங்கள். நம் தெருவோடு நிறுத்தாதீர்கள். வெள்ளம் சாதி மதம் பார்ப்பதில்லை. ஒரு பிரதி முத்தவல்லியிடம், ஒன்று அரசு சுகாதார நிலையத்தில் இருக்கட்டும். தென்காசிக்கோ ஹைகிரவுண்டுக்கோ போக வேண்டியவர்களை ரோடு அறுபடுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். அதற்கு 2 வேன் தருவதாக வியாபாரிகள் இங்கேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்கடைச் சகோதரர்கள் இன்சுலினைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் ஈரமண் பானைக்குள் வைத்தாலும் சில நாள் தாங்கும். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண்.

ஜெனரேட்டரை மேலே ஏற்ற எட்டுப் பேர் வேண்டும். இஷா முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம்.