ஏமாறச் சம்மதித்த கூட்டம்: ஹாலோவீன் இரவும் அறிவியல் புனைவின் அச்சமும்



அச்சக் கதைகளைச் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்கும் வழக்கம் நம் இலக்கியத் துறைகளில் இன்னும் போகவில்லை. அறிவியல் புனைவுக்கும் அதே கதிதான். இரண்டும் சேரும் இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அக்டோபர் 31 இரவு கொண்டாடப்படும் ஹாலோவீன், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போன வழக்கம். அன்று பேய் வேடம் போடுவார்கள், முகமூடி அணிவார்கள், வீடுகளில் விருந்து நடக்கும். கதை எழுதுபவருக்கு இந்த விருந்தைப் போல வசதியான களம் வேறு இல்லை. வாசலில் நிற்பவர் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏமாறச் சம்மதித்தே வந்திருக்கிறார்கள். அந்தச் சம்மதம் எங்கே உடைகிறதோ அங்கேதான் கதை பிறக்கிறது. அதை இரு எதிர்த் திசைகளில் உடைத்த இரண்டு படைப்புகளை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஒரு வானொலி நாடகம். 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தைய இரவு, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி நாடகக் குழு, எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்பு நாவலை நாடகமாக ஒலிபரப்பியது. ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 23. இங்கிலாந்தில் நடக்கும் கதையை, நாடகத்தை எழுதிய ஹோவர்ட் கோச் நியூஜெர்சி மாநிலத்தின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூருக்கு நகர்த்தினார். நாடகம் தொடங்கியதும் கேட்பது ஓர் ஓட்டலின் நடன இசை. அதை நிறுத்திச் செய்தி வருகிறது: செவ்வாயில் வாயு வெடிப்புகள். மறுபடி இசை. மறுபடி செய்தி. கொண்டாட்டத்துக்குள் ஆபத்து தவணை தவணையாக நுழைகிறது. பிறகு களத்திலிருந்து செய்தியாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலி அறுபடுகிறது. சில நொடிகள் எதுவுமே இல்லை. வானொலிக்காரர்கள் எப்பாடுபட்டாவது தவிர்க்கும் அந்த மௌனத்தைத்தான் ஆர்சன் வெல்ஸ் துணிந்து நீட்டினார். செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரீடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேர்முக வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத் தன் குரலைப் பழக்கியிருந்தார்.

இது நாடகம் என்ற அறிவிப்பு தொடக்கத்தில் இருந்தது. அதைத் தவறவிட்டு நடுவில் வந்து சேர்ந்தவர்கள்தான் கலங்கினார்கள். ஒரு மாதம் முன்புதான் ஐரோப்பாவைப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோன மியூனிக் நெருக்கடி. இசையை வெட்டிக்கொண்டு வரும் போர்ச் செய்திக்குக் காதுகள் பழகியிருந்தன. நாடே தெருவுக்கு ஓடிவந்ததாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியது பெருமளவு மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மெய்யாகவே பயந்து காவல் நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசியவர்கள் இருந்தார்கள். நிகழ்ச்சியின் முடிவில் வெல்ஸ் தன் சொந்தக் குரலில், இது ஹாலோவீன் விளையாட்டு என்றார். அன்று அவரது நாடகம் அணிந்திருந்த முகமூடி செய்தி வாசிப்பவரின் குரல்.

இந்த நாடகம் தந்த அச்சம் பேய்க் கதையின் அச்சத்திலிருந்து வேறானது. பேய்க் கதையில் அச்சம் இருட்டில் வாழ்கிறது. மாடியில் கேட்ட சத்தம் பூனை என்று தெரிந்தால் அந்த அச்சம் செத்துப்போகும். அறிவியல் புனைவில் விளக்கம் வந்த பிறகுதான் அச்சம் தொடங்குகிறது. வானாய்வுக்கூடம், பேராசிரியர், தொலைவின் கணக்கு, அமைச்சரின் உரை என்று விளக்க விளக்கத்தான் கேட்டவர்களுக்கு நடுக்கம் கூடியது.

நாடகத்துக்குச் செய்தி வேடம் போடும் இந்த உத்தி கைதவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகர வானொலி இதே கதையை உள்ளூர்ப் பெயர்களோடு, மக்களிடம் சொல்லாமல் ஒலிபரப்பியது. நாடகம் என்று தெரிந்ததும் பயம் கோபமாக மாறியது. வானொலி நிலையமும் எல் கொமெர்சியோ நாளிதழும் இருந்த கட்டடத்துக்குக் கூட்டம் தீ வைத்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். சம்மதம் கேட்காமல் முகமூடி போட்டவர்கள் செய்த குற்றத்துக்கு யார் யாரோ உயிரைக் கொடுத்தார்கள்.

இரண்டாவது படைப்பு ரே பிராட்பரியின் 'அஷர் II'. 1950இல் முதலில் ஒரு மலிவுப் பதிப்பு அறிவியல் புனைவு இதழில் வேறு தலைப்பில் வந்து, அதே ஆண்டு 'செவ்வாய்க் கிரகக் குறிப்புகள்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க நூலில் சேர்ந்தது. பிராட்பரி இல்லினாய் மாநிலத்தின் வாக்கீகன் ஊர்க்காரர். ஹாலோவீன் வந்தால் பூசணிக்காயும் சோளத் தட்டையும் கொண்டுவந்து வீட்டை அலங்கரித்த நீவா அத்தையிடமிருந்து அந்த இரவின் மீதான காதலைப் பெற்றவர்.

கதையின் காலம் 2005. பூமியில் கற்பனைக் கதைகள் எல்லாம் எரிக்கப்பட்டுவிட்டன. ஸ்டெண்டால் என்ற செல்வர் செவ்வாயில், எட்கர் ஆலன் போ கதையில் வரும் பாழ்மாளிகையை அப்படியே கட்டுகிறார். இயந்திர வௌவால், இயந்திர எலி, இயந்திரக் குரங்கு. புத்தகங்களை எரித்த அதிகாரிகளையே முகமூடி விருந்துக்கு அழைக்கிறார். விருந்தினர் ஒவ்வொருவராகப் போவின் கதைகளில் வரும் முறையில் கொல்லப்படுகிறார்கள். ஒரு பெண்ணைக் குரங்கு கொன்று புகைபோக்கிக்குள் திணிக்கிறது. சற்று நேரத்தில் அதே பெண் சிரித்தபடி வந்து நிற்கிறாள். செத்தது தன்னைப் போலச் செய்த இயந்திரம் என்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. இறுதியில் ஆய்வாளர் காரெட்டிடம் ஸ்டெண்டால் விளக்கம் சொல்கிறார்: செத்தவர்கள்தான் மனிதர்கள், நின்று வேடிக்கை பார்த்தவை இயந்திரங்கள். இங்கும் விளக்கம் வந்த நொடியில்தான் முதுகு சில்லிடுகிறது.

1938இல் சிலர் பொய்யை மெய் என்று எண்ணினார்கள். செவ்வாய் மாளிகையில் மெய்யைப் பொய் என்று எண்ணிச் சிரித்தார்கள். இரண்டாவதுதான் கொடியது என்பது என் முடிவு. காரெட்டை மாடத்துக்குள் சங்கிலியால் பிணைத்துச் செங்கல் வைத்து அடைக்கிறார் ஸ்டெண்டால். சங்கிலி பூட்டப்படும்வரை காரெட்டுக்கு எதுவும் உறைக்கவில்லை. போ 1846இல் எழுதிய கதையின் காட்சி அது. தடை செய்த கதையைப் படித்திருந்தால் அங்கே போகும்போதே புரிந்துகொண்டிருப்பார். அச்சக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சொல்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இந்தப் பக்கங்களைத்தான். பிராட்பரி பழிவாங்கலில் சற்று அதிகமாகவே திளைக்கிறார் என்ற குறையும் எனக்கு உண்டு. ஸ்டெண்டாலின் கொடுமையைக் கதை ஒரு முறையாவது நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அமெரிக்கா எழுத்தாளர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த நாட்கள் அவை. மூன்றே ஆண்டுகளில், 1953இல், புத்தக எரிப்பின் மீதான இதே கோபம் 'ஃபாரன்ஹீட் 451' என்ற நாவலாக நிதானம் பெற்றது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போவின் கதைகளை முதலில் படியுங்கள், அதன்பின் 'அஷர் II'க்கு வாருங்கள். வரிசை மாறினால் நீங்களும் காரெட்டோடு மாடத்துக்குள் போய்விடுவீர்கள். 1938 நாடகத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இந்தத் துறை அதைத் தமிழில் வானொலி நாடகமாக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. நடத்தும்போது, இது நாடகம் என்ற அறிவிப்பைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் தவறாமல் வையுங்கள். கேட்பவர்கள் அதன் பிறகும் பயந்தால் அது உங்கள் எழுத்துக்குக் கிடைத்த பெருமை.